கடலைச் சொல்லும் அரண்மனை

‘நாஞ்சில்’ என்னும் சொல் கலப்பையைக் குறிக்கும். உழவின் பெயரால் வழங்கும் நாஞ்சில் நாட்டையும், அதனை அடுத்த கல்குளப் பகுதியையும் தன்னகத்தே கொண்டது குமரி மாவட்டம். ஆயினும் இம்மண்ணின் வரலாற்றை ஏர் மட்டும் எழுதவில்லை, கடலும் எழுதியது. அதனை அறிய விரும்புவோர் தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்குச் செல்லுதல் வேண்டும்.

திருவிதாங்கூர் மன்னர்களின் பழைய தலைநகரம் இவ்வூர். மரவேலைச் சிறப்பால் புகழ்பெற்ற இவ்வரண்மனை இன்று அரும்பொருட் காட்சியகமாகத் திகழ்கின்றது. 1956ஆம் ஆண்டு குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. எனினும் அரண்மனையைக் கேரளத் தொல்பொருள் துறையே பேணி வருகின்றது.

இங்கே சீன வணிகர் அளித்ததாகக் கூறப்படும் நாற்காலி ஒன்று உண்டு. மருத்துவக் குணமுடைய 64 வகை மரங்களால் இயன்றதெனப்படும் கட்டில் ஒன்றும் உண்டு. அது டச்சு வணிகரின் பரிசு என்பர். அயல்நாட்டாரை இக்கரைக்கு ஈர்த்த பொருள்களுள் தலையாயது மிளகு.

பரிசின் கதை ஒருபுறமிருக்க, பகையின் கதையைச் சொல்லும் ஓவியம் ஒன்றும் அவ்வரண்மனையிலேயே உளது. மிளகு வாணிகத்தைத் தமக்கே உரியதாக்கிக்கொள்ள முயன்ற டச்சுக்காரர், 1741ஆம் ஆண்டு குளச்சலில் படையிறக்கினர். மன்னர் மார்த்தாண்ட வர்மர் அவர்களை வென்றார். டச்சுப் படைத்தலைவர் டி லனாய் அவரிடம் சரணடையும் காட்சியே அவ்வோவியம். வெற்றியின் நினைவுத்தூண் குளச்சல் கடற்கரையில் இன்றும் நிற்கின்றது.

ஓவியத்தைக் கண்டு திரும்புவோர் வெற்றிப் பெருமிதம் ஒன்றையே உடன்கொண்டு செல்வர். ஆனால் கதை அங்கே முடியவில்லை. சிறைப்பட்ட டி லனாயின் ஆற்றலை மன்னர் அறிந்தார்; அவரைத் தம் பணியில் அமர்த்தினார். டி லனாய் திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி அளித்தார். உதயகிரிக் கோட்டையை வலுப்படுத்தினார். தாம் தாக்க வந்த நாட்டையே காத்து நின்று, 1777ஆம் ஆண்டு உயிர் நீத்தார். அக்கோட்டையில் உள்ள அவருடைய கல்லறையில் இலத்தீனும் தமிழும் ஒருங்கே பொறிக்கப்பட்டுள்ளன.

ஓவியம் பகைவரைக் காட்டுகின்றது. கல்லறை காவலரைக் காட்டுகின்றது. இருவரும் ஒருவரே. ஒரு பொருள் சொல்லும் செய்தி பெரும்பாலும் பாதியே. மற்றப் பாதியை வேறோரிடத்துப் பொருள் சொல்லக்கூடும். ஆதலின், அரண்மனையைக் கண்டவர் உதயகிரிக்கும் குளச்சலுக்கும் சென்று, மூன்றையும் இணைத்துக் காண்பாராக. அப்போதுதான், போரில் வென்ற மன்னரின் வீரத்தோடு, வென்றபின் பகைவரின் திறமையையும் மதித்த அவருடைய பெருந்தன்மையும் விளங்கும்.