சார்பு நூலகங்களும் உரிமங்களும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: இணையத்தில் எல்லோரும் காணக் கிடக்கும் மூலநிரலை எவரும் எடுத்தாளலாம்.

உண்மை: பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் படைப்பாகவே கொள்வதால், உரிமம் இணைக்கப்படாத நிரல் பார்வைக்குத் திறந்திருந்தாலும், அதை மாற்றி வெளியிடும் உரிமை பிறருக்குத் தானாகப் பிறப்பதில்லை. மிகத் தாராளமான எம்.ஐ.டி. உரிமம்கூடத் தன் வாசகத்தையும் பதிப்புரிமை அறிவிப்பையும் ஒவ்வொரு நகலிலும் வைத்திருக்கக் கோருகிறது. திறமூல உரிமத்தின் நிபந்தனையை மீறுவது பதிப்புரிமை மீறலாகலாம் என்பதை, மாதிரி ரயில்களை இயக்கும் மென்பொருள் பற்றிய ஜேக்கப்சன் – காட்சர் வழக்கில் அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008இல் ஏற்றுக்கொண்டது.

நம்பிக்கை: நேரடியாகச் சேர்த்த நூலகத்தின் உரிமத்தைப் படித்தால் போதும்.

உண்மை: நூலகம் என்பது பிறர் எழுதிப் பொதுப் பயன்பாட்டுக்கு வைத்த நிரல் தொகுப்பு, அதுவும் வேறு நூலகங்களைச் சார்ந்திருப்பதால், ஆழத்தில் இருக்கும் ஓர் உரிமம் மேலே உள்ள திட்டத்தையும் கட்டுப்படுத்தக்கூடும். வலைச் செயலிகளுக்கான ரூபி ஆன் ரெயில்ஸ் கட்டமைப்பு மார்செல் என்ற நூலகத்தையும், அது கோப்பு வகைகளை இனங்காண மைம்மேஜிக் என்ற நூலகத்தையும் சார்ந்திருந்தன. எம்.ஐ.டி. உரிமத்தில் வழங்கப்பட்ட மைம்மேஜிக்கினுள், ஜி.பி.எல். 2 உரிமம் பெற்ற தரவுக் கோப்பு ஒன்று இடம்பெற்றிருந்தது. அவ்வுரிம நிரலைக் கொண்டு உருவாக்கிய வழிப்படைப்பை வெளியே வழங்குவோர் அதையும் அதே உரிமத்தில் மூலநிரலோடு வழங்க வேண்டும் என்பதே ஜி.பி.எல். விதிக்கும் கடமை. 2021 மார்ச்சில் இது சுட்டிக்காட்டப்பட்டதும், மைம்மேஜிக்கின் பராமரிப்பாளர் பழைய பதிப்புகளைப் பொதுக் களஞ்சியத்திலிருந்து விலக்கிப் புதிய பதிப்பை ஜி.பி.எல்லுக்கு மாற்றினார், பழைய பதிப்பெண்ணைக் குறித்து வைத்திருந்த செயலிகளைப் புதிதாக நிறுவ முடியாமல் போயிற்று. மைம்மேஜிக்கை விட்டு அப்பாச்சி டிக்கா திட்டத்தின் தரவுக்கு மாறிய புதிய மார்செலோடு ரெயில்ஸ் குழு அதே மாதத்தில் திருத்த வெளியீடுகளைத் தந்தது. ரெயில்ஸ் தன் நிரலில் செய்த பிழை எதுவும் இதற்குக் காரணமன்று என்பதே இந்நிகழ்வை முக்கியமாக்குகிறது.

நம்பிக்கை: ஜி.பி.எல். நூலகத்தைப் பயன்படுத்தினாலே நிறுவனம் தன் நிரல் முழுவதையும் வெளியிட வேண்டும்.

உண்மை: அக்கடமை மென்பொருளைப் பிறருக்கு வழங்கும்போதுதான் எழுகிறது, நிறுவனத்துக்குள்ளேயே இயங்குவதற்கு அது பொருந்தாது. ஆனால், 2007இல் வெளியான ஏ.ஜி.பி.எல். 3, மாற்றியமைத்த நிரலை வலைச் சேவையாக இயக்குவோரும் அதன் பயனர்களுக்கு மூலநிரலைத் தர வேண்டும் என்கிறது. ஆகவே திட்டப் பராமரிப்பாளர்கள் மறைமுகச் சார்புகளையும் அவற்றின் உரிமங்களையும் ஒரே பட்டியலில் கொண்டு, ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் அதைச் சரிபார்க்க வேண்டும்.