காளானின் தூட்பதிவும் அதன் உபயோகமும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கி இரண்டொரு நல்ல மழை பெய்தவுடன், செம்பட்டி, ஆத்தூர், சித்தையன்கோட்டை முதலிய ஊர்களில் கரம்பு நிலங்களிலும், தென்னந்தோப்புகளிலும், வைக்கோற்போர்களின் அடியிலும், கறையான் புற்றுகளை அடுத்தும் பலவகைக் காளான்கள் முளைக்கின்றன. இடி இடித்தால் காளான் பூக்கும் என்று ஜனங்கள் சொல்வது வழக்கம். இடியைக் காட்டிலும் அதனோடு வரும் ஈரமும் புழுக்கமுமே இதற்குக் காரணமாகும். இவற்றுட் சில உண்ணத்தக்கவை. பல எவ்விதப் பயனுமில்லாதவை. சில, உண்டவரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பவை.

நல்லதையும் நஞ்சையும் பிரித்தறியக் கிராமங்களில் வழங்கும் சோதனைகள் சில உண்டு. காளானோடு வெள்ளிக்காசு போட்டு வேகவைத்தால் காசு கறுக்குமென்றும், அரிசி நிறம் மாறுமென்றும், பூச்சி அரித்த காளானை மனிதரும் உண்ணலாமென்றும் கூறுவர். இவற்றுள் ஒன்றேனும் நம்பத்தக்கதன்று. மனிதரைக் கொல்லும் காளானைப் புழுக்கள் சுகமாகத் தின்று வளர்கின்றன. வெள்ளியைக் கறுக்கச் செய்வது கந்தகம் கலந்த பொருள்களேயன்றிக் காளான் விஷமன்று. இனத்தை இன்னதென்று நிச்சயித்தலே சரியான வழியாகும். அதற்குச் செலவின்றி எவரும் செய்யக்கூடிய முதற் பரிசோதனை தூட்பதிவு எடுப்பது.

காளானின் குடையைத் திருப்பிப் பார்த்தால், நடுத்தண்டிலிருந்து விளிம்பு வரையில் மெல்லிய தகடுகள் வரிசையாக அமைந்திருக்கக் காணலாம். இவற்றை மடல்கள் என்போம். இம்மடல்களின் இரு பக்கங்களிலும் ஸ்போர் என்னும் இனப்பெருக்கத் தூள் உண்டாகின்றது. ஒவ்வொரு துகளின் அடியிலும் ஒரு சிறு நீர்த்துளி திரண்டு, அது துகளின்மேற் படர்ந்திருக்கும் நீருடன் சேரும் கணத்தில் துகள் மடலை விட்டுத் தெறித்து, பின் நேராகக் கீழே விழுகின்றது. கானடா தேசத்து வின்னிபெக் நகரில் ஆராய்ச்சி செய்த புல்லர் என்பவர் 1909-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், வயற்காளானின் ஒரே குடையிலிருந்து சுமார் 180 கோடித் துகள்கள் உதிர்ந்ததாகக் கணக்கிட்டுள்ளார். தனித் துகள் கண்ணுக்குத் தெரியாது. கோடிக்கணக்கில் ஓரிடத்திற் படிந்தால் அதன் நிறம் விளங்கும். அந்தப் படிவே தூட்பதிவு எனப்படும். காளான் வளர்ப்போர் கடைகளில் வாங்கும் ‘வித்து’ என்பது தானியத்தின்மேற் படரவிட்ட பூசண இழை. அது வேறு, இத்தூள் வேறு.

மடலின் நிறத்தைப் பார்த்தாற் போதாதா என்று கேட்கலாம். போதாது. இதனை விளக்க நம் சமவெளிக்கு உரியதோர் உதாரணம் உண்டு. மழைக்குப்பின் புல்தரைகளிலும் மேய்ச்சல் நிலங்களிலும் கையகலத்துக்கு மேலான வெண்குடையுடன், உச்சியில் பழுப்புச் செதில்களும் தண்டில் வளையமும் கொண்டு ஒரு காளான் முளைக்கும். பார்வைக்கு அழகியது, மணமும் வெறுக்கத்தக்கதன்று. சாஸ்திரப் பெயர் குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ் என்பது. உஷ்ணப் பிரதேசங்கள் எங்கும் காளான் விஷத்துக்கு மிகுதியாகக் காரணமாவது இதுவே. இளம் பருவத்தில் இதன் மடல்கள் தூய வெண்மையாக இருப்பதால், உண்ணத்தக்க பெருங்குடைக் காளான் என்று எண்ணிப் பறித்து விடுகின்றனர். உண்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் கடுமையான வாந்தியும் பேதியும் காணும். சிறு குழந்தைகளுக்கும் முதியோருக்கும் உடல் நீர் வற்றி அபாயம் நேரலாம். ஆயினும் முற்றிய குடையை ஓர் இரவு காகிதத்தின்மேல் வைத்தால், மறுநாட் காலையில் சாம்பல் கலந்த பச்சை நிறத்தூள் படிந்திருக்கும். பச்சைத்தூள் உதிர்க்கும் காளான் மிக அரிதாகையால், இவ்வொரு பதிவே இதனைக் காட்டிக்கொடுத்து விடும்.

பதிவு எடுக்கும் முறை எளியது. நன்றாக விரிந்த, அழுகாத குடையைத் தேர்ந்துகொள்க. விரியாத மொட்டில் தூள் இராது. தண்டைக் குடையோடு ஒட்ட அறுத்து, மடல்கள் கீழ்நோக்க, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான காகிதத்தின்மேல் வைக்கவேண்டும். வெண்ணிறத்தூள் வெள்ளைக் காகிதத்தில் தெரியாது என்பதாலேயே கறுப்புப் பாதி வேண்டியிருக்கிறது. குடையின் மேற்புறத்தில் ஒரு சொட்டு நீர் விட்டு, ஒரு டம்ளரையோ கிண்ணத்தையோ கவிழ்த்து மூடுக. மூடாவிடில் காற்று தூளை அடித்துக்கொண்டு போகும்; மின்விசிறி சுழலும் அறையில் பதிவு எடுக்க முயல்வது வீண். நான்கு மணி முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் மடல்களின் வரிசை அப்படியே சித்திரம்போற் படிந்துவிடும். எறும்பு வராதபடி பார்த்துக்கொள்வது அவசியம். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில், அன்றைக்கே எழுதி வைக்க வேண்டும். நாட்பட்டால் பச்சை மங்கிப் பழுப்பாகலாம்.

நமக்குப் பழக்கமான காளான்களின் தூள்நிறத்தை அறிந்து வைத்தல் நலம். வைக்கோற் காளானுக்கு இளஞ்சிவப்பு. சிப்பிக் காளானுக்கு வெண்மை, அல்லது வெளிர் ஊதா சாயலுள்ள வெண்மை. அருப்புக்கோட்டையில் தேர்ந்தெடுக்கப்பட்டு 1998-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஏ.பி.கே. 2 முதலிய பால் காளானுக்கு வெண்மை. மொட்டுக் காளானுக்கு ஆழ்ந்த பழுப்பு. கறையான் புற்றோடு வேர்போன்ற நீண்ட அடித்தண்டால் இணைந்திருக்கும் புற்றுக்காளானின் பதிவு இளஞ்சிவப்புச் சாயல் படிந்த வெண்மையாக இருக்கும். வைக்கோற் படுக்கைகளில் களையாக முளைத்து, ஒரே நாளில் மையாகக் கரைந்துபோகும் மைக்காளானுக்குக் கறுப்பு.

இனி, அதிக ஜாக்கிரதையுடன் படிக்கவேண்டிய விஷயம் ஒன்று. பச்சைத்தூள் கண்டால் விலக்குக என்று கூறலாமேயன்றி, வெள்ளைத்தூள் கண்டால் உண்க என்று கூறலாகாது. உலகிற் காளானால் நேரும் மரணங்களிற் பெரும்பாலானவற்றுக்குக் காரணமான அமானிட்டா இனங்களின் தூளும் வெண்மையே. வைக்கோற் காளானுக்கும் அமானிட்டாவுக்கும் அடித்தண்டைச் சூழ்ந்த பை பொதுவானது. மொட்டுப் பருவத்தில் இரண்டும் முட்டைபோற் காணும். 2012-ஆம் ஆண்டு ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் தலைநகரான கான்பெராவில் இருவர் மரணக்குடை என்னும் அமானிட்டாவை உண்டு இறந்தனர்; அவர்கள் அதனை வைக்கோற் காளான் என்று எண்ணியதாகக் கருதப்பட்டது. முன்னதன் தூள் வெண்மை, பின்னதன் தூள் இளஞ்சிவப்பு. ஒரு காகிதத் துண்டு அவ்வேற்றுமையைக் காட்டியிருக்கும். ஆனால் மொட்டாகப் பறித்ததிற் பதிவு கிடையாது என்பதையும் மறத்தலாகாது. ஆகையால் பதிவு எடுப்பது இனத்தை ஆராய்வதற்கே. காட்டுக்காளானைச் சமையலறைக்கு அனுமதிக்கும் சீட்டு அன்று.

தூளின் நிறத்தை வகைப்பாட்டுக்கு அடிப்படையாக்கியவர் சுவீடன் தேசத்து எலியாஸ் ஃபிரைஸ் என்பவர். 1821-ஆம் ஆண்டு முதல் வெளியான தமது நூலில், மடலுடைய காளான்களைத் தூள்நிறத்தால் பெரும் பிரிவுகளாக வகுத்தார். நம் பிரதேசத்துக் காளான்களைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நடராஜனும் அவரோடு பணிசெய்தோரும் ஆராய்ந்து, 1983-ஆம் ஆண்டில் தென்னிந்திய மடற்காளான்களைப் பற்றி நூல் வெளியிட்டனர். இலங்கைக் காளான்களுக்குப் பெக்லர் எழுதிய நூல் 1986-ஆம் ஆண்டில் வெளிவந்தது. நிறம் முதற் படியே. அதன் பின்னர் மைக்ராஸ்கோப்பின் வேலை தொடங்குகிறது. பதிவிலிருந்து ஊசிமுனையளவு தூளை எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நீரில் கலந்து, மெல்லிய மூடுகண்ணாடியிட்டு 400 மடங்கும், பின் எண்ணெய் விட்டு 1000 மடங்கும் பெருக்கிப் பார்ப்பர். துகளின் நீளம் மைக்ரான் கணக்கில், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்திலொரு பங்காக அளக்கப்படும். வைக்கோற் காளானின் துகள் ஏறக்குறைய 8 மைக்ரான் நீளம். 125 துகள்களை வரிசையாக வைத்தால் ஒரு மில்லிமீட்டர் ஆகும். பச்சைத்தூட் காளானின் துகளோ தடித்த சுவருடன், ஒரு முனையில் முளைத்துவாரம் கொண்டிருக்கும். அயோடின் கலந்த மெல்சர் திரவத்தில் சில இனங்களின் துகள் நீலமாகும், சிலவற்றின் துகள் செம்பழுப்பாகும், சில மாறா. பதிவிலிருந்து எடுத்த துகள்கள் யாவும் முதிர்ந்தவையாதலால் அளவு நம்பத்தக்கதாயிருக்கும். மடலைக் கிள்ளி நசுக்கினால் முதிராதவையும் கலந்து கணக்குக் கெடும்.

நிறமே முடிந்த முடிவு என்றும் கொள்ளவேண்டா. வெண்தூள் உதிர்க்கும் சில பெருங்குடைக் காளான்கள், மரபணு ஆராய்ச்சியின் பின் 2002-ஆம் ஆண்டு முதல் மேற்சொன்ன பச்சைத்தூட் காளானின் பேரினத்திலேயே சேர்க்கப்பட்டுள்ளன.

காளான் வளர்ப்போருக்கு ஒரு வார்த்தை. 1943-ஆம் ஆண்டிலேயே கோயம்புத்தூரில் தாமஸ், ராமகிருஷ்ணன் முதலியோர் வைக்கோற் காளானைப் பயிரிட்டுக் காட்டினர். அதுமுதல் இத்தொழில் மிகவும் விருத்தியடைந்துள்ளது. சிலர் பதிவுத்தூளிலிருந்து தாமே வித்து தயாரிக்க முயல்கின்றனர். துகள்கள் தாய்க்காளானை அப்படியே ஒத்திரா. விதையால் வளர்த்த மா ஒட்டுமாவின் குணத்தைக் காட்டாததைப் போன்றதே இது. நல்ல காளானின் சதைத்துண்டிலிருந்து எடுத்த வித்தையே நாடுக. மேலும், சிப்பிக் காளானை விளிம்பு சுருளுமுன் அறுவடை செய்யாவிடில் குடிலில் தூள் மேகம்போற் பரவி, வேலையாட்களுக்கு இருமலும் சுவாச நோயும் உண்டாகும். அறுவடைக்காரர் முகமூடி அணிதல் வேண்டும்.

கிராம நிர்வாக அலுவலர்கள் இதனைக் கவனிக்க வேண்டும். காளான் உண்டு எவருக்கேனும் உபாதை கண்டால், முதலில் 108 வண்டியை அழைத்து அரசு மருத்துவமனைக்கு அனுப்புக. பதிவுக்காகக் காத்திருத்தல் கூடாது. உண்டு ஆறு மணி நேரத்துக்குப் பின் வாந்தி தொடங்குமாயின் அது ஈரலைத் தாக்கும் அமானிட்டா விஷமாயிருக்கலாம். இடையில் ஒருநாள் குணம்போல் தோன்றினும் நோயாளியை வீட்டுக்கு அழைத்து வரலாகாது. உடன் உண்டவர் அனைவரையும், நோவில்லாதவர் உட்பட, அனுப்பவேண்டும். சமைக்காமல் எஞ்சிய காளானையும், அது முளைத்த இடத்தில் நிற்பவற்றையும் அடித்தண்டு அறாமல் மண்ணோடு தோண்டி எடுத்துக் காகிதப் பையில் இடுக. பிளாஸ்டிக் பையில் இட்டால் வேர்த்து அழுகிவிடும். ஒன்றை மருத்துவரிடம் கொடுத்து, மற்றொன்றில் அன்றிரவே பதிவு எடுக்கலாம். பதிவுக் காகிதத்தைத் தூள் உட்புறம் வருமாறு மடித்து, அதன்மேல் கிராமம், சர்வே எண், தேதி, முளைத்த இடம் புல்லா புற்றா மரத்தடியா என்பது, அருகில் நின்ற மரம், புதிய காளானின் நிறம், வெட்டியபின் நிறம் மாறிற்றா என்பது, எடுத்தவர் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி, நிழலில் உலர்த்திய காளானோடு கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பயிர்நோயியல் துறைக்கு அனுப்பலாம். மையால் எழுதினால் ஈரத்திற் கலைந்துவிடும்.