மின்னூட்டம்: தொடாமலே அளப்பது எப்படி?



"சார்ஜ் எவ்வளவுடா இருக்கு?" "பத்து பர்சென்ட்தான் மச்சான்." இந்தப் பேச்சு காதில் விழாத நாளே கிடையாது. சரி, அந்த சார்ஜ் என்பது என்ன? கிலோவா, லிட்டரா, எதில் அளக்கிறார்கள்? பேட்டரி மேலே சின்ன எழுத்தில் 5000 எம்.ஏ.ஹெச். என்று போட்டிருப்பார்கள். மில்லி ஆம்பியர் மணி என்று அர்த்தம். மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கினால் மின்னூட்டம் என்று பத்தாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம். அப்படியானால் 5 ஆம்பியர் × 3600 நொடி = 18,000 கூலூம். இந்த எண்ணைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. நூறு பர்சென்ட் சார்ஜ் ஏறிய போனின் மொத்த மின்னூட்டம் பூஜ்யம்தான்! ஒரு முனையில் எத்தனை எலக்ட்ரான் உள்ளே போகிறதோ அத்தனை எலக்ட்ரான் மறுமுனையில் வெளியே வந்துவிடும். உள்ளே சேர்ந்திருப்பது வேதி ஆற்றல். 18,000 கூலூம் என்பது அந்த பேட்டரி தீரும் வரை கம்பி வழியாக ஓடப்போகும் மின்னூட்டத்தின் அளவு. ஆக, பௌதிகப் புத்தகத்தின் மின்னூட்டமும் நம் வாயில் வரும் சார்ஜும் அண்ணன் தம்பி மாதிரி. ஒரே வீடு, ஆனால் ஒரே ஆள் இல்லை. (இலங்கைப் பாடப்புத்தகங்களில் இதையே 'ஏற்றம்' என்பார்கள்.)

மின்னூட்டம் என்றால் என்ன? "பொருளின் அடிப்படைப் பண்பு" என்று எழுதினால் ஒரு மார்க் வந்துவிடும். ஆனால் மனசுக்குப் புரிகிறதா? நிறை என்றால் என்ன என்று கேட்டாலும் இதே கதைதான். எதனால் செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது, என்ன செய்கிறது என்று சொல்லலாம். நிறை உள்ள பொருள்கள் ஒன்றை ஒன்று இழுக்கும். மின்னூட்டம் உள்ள பொருள்கள் இழுக்கவும் செய்யும், தள்ளவும் செய்யும். அதனால்தான் நேர், எதிர் என்று இரண்டு வகை வைக்க வேண்டி வந்தது. அந்தத் தள்ளலும் இழுப்பும் தவிர மின்னூட்டத்தை நமக்குக் காட்டிக்கொடுக்க வேறு எதுவும் இல்லை. கண்ணுக்குத் தெரியாது, தராசில் நிற்காது, கையில் பிடிக்க முடியாது. அதனால் அதை அளக்க நினைத்த எல்லோரும் செய்தது ஒரே வேலைதான். வேறு ஏதோ ஒரு பொருள் எவ்வளவு நகர்கிறது என்று பார்ப்பது.

நாமும் செய்து பார்க்கலாம். ஹோட்டல் பார்சலில் வருகிற அலுமினிய ஃபாயிலை 6 செ.மீ. பக்கமுள்ள சதுரங்களாக வெட்டி, ரொம்ப இறுக்காமல் கோலிக்குண்டு அளவு உருட்டுங்கள். மெல்லிய ஃபாயில் என்றால் ஒரு உருண்டை சுமார் 0.1 கிராம் இருக்கும். சந்தேகம் இருந்தால் பத்து உருண்டை செய்து, நகைக்கடை தராசில் மொத்தமாக நிறுத்துப் பத்தால் வகுத்துக்கொள்ளலாம். இரண்டு உருண்டைகளை 50 செ.மீ. நைலான் நூலில் ஒரே ஆணியிலிருந்து ஒட்டினாற்போலத் தொங்கவிடுங்கள். எண்ணெய் இல்லாத உலர்ந்த தலைமுடியில் பிளாஸ்டிக் ஸ்கேலை நன்றாகத் தேய்த்து இரண்டையும் தொடுங்கள். உருண்டைகள் சண்டை போட்டவர்கள் மாதிரி விலகி நிற்கும். ஐப்பசி அடைமழையில் செய்தால் ஒன்றும் நடக்காது. ஈரம் மின்னூட்டத்தைக் கசியவிட்டுவிடும். மாசி, பங்குனி வெயிலில் மத்தியானம் செய்யுங்கள்.

இப்போது உருண்டைகளின் நடுப்பகுதிகள் 4 செ.மீ. விலகி நிற்கின்றன என்று வைப்போம். ஒவ்வொன்றும் நேர்க்கோட்டிலிருந்து 2 செ.மீ. தள்ளியிருக்கிறது. தள்ளும் விசை = எடை × (2 ÷ 50). உருண்டையின் எடை சுமார் 0.001 நியூட்டன். ஆக விசை 0.00004 நியூட்டன். இதைக் கூலூம் விதியில் போடுங்கள். மின்னூட்டத்தின் இருமடி = விசை × தூரத்தின் இருமடி ÷ (9 × 10⁹). தூரத்தை மீட்டரில் போடணும், 0.04. விடை சுமார் 2.7 × 10⁻⁹ கூலூம். எலக்ட்ரான் கணக்கில் சுமார் 1,700 கோடி எலக்ட்ரான்! உலக ஜனத்தொகைக்கே ஆளுக்கு இரண்டு கொடுக்கலாம். நூல், ஃபாயில், ஸ்கேல் மட்டும் வைத்து இதைக் கண்டுபிடித்துவிட்டோம் பாருங்கள்.

பிரான்ஸ் நாட்டு சார்லஸ் கூலூம் 1785-இல் செய்ததும் ஏறக்குறைய இதுவே. அவர் முறுக்குத் தராசு வைத்திருந்தார். மெல்லிய கம்பி எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்று பார்த்து விசையை அளந்தார். அவர் பெயரை வைத்த அலகு நம் வீட்டுக்கு ரொம்பப் பெரிசு. ஒரு கூலூமையும் இன்னொரு கூலூமையும் ஒரு மீட்டர் இடைவெளியில் வைத்தால் (வைக்கவே முடியாது, அது வேறு விஷயம்) அவை தள்ளிக்கொள்ளும் விசை 9 லட்சம் டன் எடைக்குச் சமம். பத்து டன் லாரி தொண்ணூறாயிரம்!

சரி, இதை எவ்வளவு சின்னதாக நறுக்கலாம்? ஒரு டீக்கடையில் எத்தனை வடை விற்றது என்று தெரியாது, பில் மட்டும் கிடைக்கிறது: 30, 42, 18, 54 ரூபாய். வடை என்ன விலை? ஆறு ரூபாய் என்று சொல்லிவிடுவீர்கள். அமெரிக்காவில் ராபர்ட் மில்லிக்கன் 1909 முதல் 1913 வரை செய்தது இந்த வடைக் கணக்கு. சென்ட் அடிப்பது போல எண்ணெயைப் புகையாகத் தெளித்து, இரண்டு உலோகத் தட்டுகளுக்கு நடுவில் விழும் ஒரே ஒரு துளியை நுண்ணோக்கியில் பார்த்தார். தட்டுகளுக்கு மின்னழுத்தம் கொடுத்துத் துளியை ஏற்றியும் இறக்கியும் அதன் வேகத்திலிருந்து மின்னூட்டத்தைக் கணக்கிட்டார். எந்தத் துளியை எடுத்தாலும் ஒரே ஒரு எண்ணின் மடங்காகவே வந்தது. அந்த எண்தான் எலக்ட்ரானின் மின்னூட்டம். அவருக்குக் கிடைத்தது சுமார் 1.59 × 10⁻¹⁹ கூலூம். காற்றின் பாகுநிலைக்கு அவர் எடுத்த மதிப்பு சரியில்லாததால் கொஞ்சம் குறைந்துவிட்டது. 1923-இல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. கூடவே உழைத்த மாணவர் ஹார்வி ஃபிளெட்சரின் பெயரை அதிகம் யாரும் சொல்வதில்லை. அது எனக்கு வருத்தம்தான்.

2019 மே 20 முதல் கதை தலைகீழ். அன்றிலிருந்து எலக்ட்ரானின் மின்னூட்டம் 1.602176634 × 10⁻¹⁹ கூலூம் என்று உலகம் முழுக்க நிலையாக வைத்துவிட்டார்கள். இனி அதை யாரும் அளக்க வேண்டியதில்லை, கூலூமைத்தான் அதை வைத்து அளக்கணும். ஒரு கூலூம் என்றால் சுமார் 6.24 × 10¹⁸ எலக்ட்ரான் மின்னூட்டம். ஒரு டஜன் என்றால் பன்னிரண்டு என்கிற மாதிரி.

சின்னதைப் பார்த்தாச்சு. பெரிசு? வானத்தைப் பாருங்கள். இடிமேகத்துக்குள் லேசான பனித்துகள்களும் கனமான பனி உருண்டைகளும் மோதி உரசிக்கொள்கின்றன. ஸ்கேலும் தலைமுடியும் போலத்தான். பெரும்பாலும் லேசானவை நேர் மின்னூட்டத்தோடு மேலே போய்விடும், கனமானவை எதிர் மின்னூட்டத்தோடு கீழே தங்கிவிடும். ஒரு சாதாரண மின்னல் தரைக்குக் கொண்டுவருவது 15, 20 கூலூம்தான். ஞாபகம் வைக்கச் சொன்ன எண் என்ன? 18,000! உங்கள் சட்டைப்பையில் இருக்கும் பேட்டரி ஓட்டுகிற மின்னூட்டம் மின்னலைப்போல ஆயிரம் மடங்கு. பிறகு மின்னல் ஏன் மரத்தைப் பிளக்கிறது? உயரம்தான் காரணம். ஒரு குடம் தண்ணீரைத் திண்ணையிலிருந்து ஊற்றுவதும் நம் மலை உச்சியிலிருந்து ஊற்றுவதும் ஒன்றா? மின்னூட்டத்துக்கு அந்த உயரம் மின்னழுத்தம். பேட்டரியில் அது 4 வோல்ட்கூட இல்லை. மேகத்தில் கோடிக்கணக்கான வோல்ட்.

எத்தனை கோடி? அதை அளக்கப் போய் உயிரையே விட்டவர் உண்டு. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 1753-இல் ரிச்மன் என்ற பேராசிரியர் கூரையிலிருந்து ஒரு இரும்புக் கம்பியை வீட்டுக்குள் இறக்கி, அதில் ஒரு நூலைக் கட்டி, நூல் எத்தனை பாகை தூக்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். நம் ஃபாயில் உருண்டை மாதிரியேதான். இடி வந்தது. அந்த இடத்திலேயே இறந்துவிட்டார். பின்னால் பலூன் அனுப்பிப் பார்த்தார்கள். பலூன் தான் போகிற வழியில் உள்ளதை மட்டும்தான் சொல்லும். முழு மேகத்தையும் ஒரே நேரத்தில் அளக்க வழி இல்லை. பலூன் அளவீடுகளில் வந்த அதிகபட்சம் 13 கோடி வோல்ட். ஆனால் சி.டி.ஆர். வில்சன் என்ற விஞ்ஞானி 1929-லேயே நூறு கோடி வோல்ட் வரை இருக்கலாம் என்று சொல்லியிருந்தார். எண்பத்தைந்து வருஷம் அதை யாரும் பார்க்கவில்லை.

பார்த்தது எங்கே தெரியுமா? நம்ம ஊட்டியில்! டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகம் அங்கே சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் அண்ணாமலையை விட இரண்டரை மடங்குக்கும் மேல். அங்கே உள்ள சோதனைக்குப் பெயர் கிரேப்ஸ்-3. (திராட்சைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதும்போது மியூவான் என்ற துகள்கள் பிறக்கின்றன. எலக்ட்ரானின் கனமான சகோதரன் அது. நேர், எதிர் இரண்டு வகையும் உண்டு. காஸ்மிக் கதிர் என்று பெயர் வைத்தவரே நம் எண்ணெய்த்துளி மில்லிக்கன்தான், 1925-இல். மியூவான்கள் கூரை, சுவர் எதையும் பார்க்காது. நீங்கள் படிக்கும் இந்த சார்ட் பேப்பரைத் தரையில் விரித்தால் நிமிஷத்துக்குச் சுமார் 4,000 மியூவான் அதைத் துளைத்துப் போகும்.

ஊட்டியில் 3,712 சதுர இரும்புக் குழாய்களைக் கான்கிரீட்டுக்கு அடியில் அடுக்கி, நிமிஷத்துக்கு 25 லட்சம் மியூவான்களை எண்ணுகிறார்கள். மேலே இடிமேகம் வந்தால் என்ன ஆகும்? மேகத்தைத் தாண்டும்போது ஒரு வகை மியூவானுக்கு வேகம் கூடும், மறுவகைக்குக் குறையும். வேகம் குறைந்தவற்றில் சில கான்கிரீட்டைத் தாண்ட முடியாமல் நின்றுவிடும். இரண்டு வகையும் சம எண்ணிக்கையில் வந்தால் கூட்டலும் கழித்தலும் சரியாகப் போய்விடும். நல்லவேளையாக, நேர் மியூவான்கள் கொஞ்சம் அதிகம். அதனால் மொத்த எண்ணிக்கையில் ஒரு சின்ன மாற்றம் தெரிகிறது. பலூன் போக முடியாத மேகம் முழுவதையும் மியூவான் மழை ஒரே நேரத்தில் துளைத்து வந்து கணக்குச் சொல்லிவிடுகிறது. என்ன அழகான யோசனை!

2011 ஏப்ரல் முதல் 2014 டிசம்பர் வரை 184 இடிமழைகளைப் பதிவு செய்தார்கள். அதில் பெரியது 2014 டிசம்பர் 1, கார்த்திகை மாதம். 18 நிமிஷம் மியூவான் எண்ணிக்கை 2 சதவீதம் குறைந்தது. இரண்டே சதவீதம்! கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டால் மேகத்தின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட். பலூன் கண்டதைப்போல பத்து மடங்கு. வில்சன் சொன்னது சரி. 2019 மார்ச்சில் இந்த ஆய்வு வெளிவந்தது. அந்த மேகத்தின் பரப்பு குறைந்தது 380 சதுர கிலோமீட்டர். 14 கி.மீ. கிரிவலப் பாதையை ஒரு வட்டம் என்று வைத்தால், அதற்குள் அடங்கும் இடத்தைப்போல 24 மடங்கு. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஊட்டி மேலே நகர்ந்து போயிருக்கிறது.

மேகம் அந்த அளவுக்கு ஏற 6 நிமிஷம் ஆனது. அதற்குத் தேவையான திறன் குறைந்தது 2,000 மெகாவாட் என்று கணித்திருக்கிறார்கள். கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளும் சேர்ந்த அளவு! இனி பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு. 2,000 மெகாவாட் × 360 நொடி = 7.2 × 10¹¹ ஜூல். மின்தேக்கியின் ஆற்றல் = பாதி × மின்னூட்டம் × மின்னழுத்தம். போட்டுப் பார்த்தால் மின்னூட்டம் சுமார் 1,100 கூலூம். அவ்வளவு பெரிய மேகம், ஆனால் மின்னூட்டம் போன் பேட்டரி ஓட்டுவதில் பதினாறில் ஒரு பங்கு! நான் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன், அதேதான் வருகிறது.

ஒரு விஷயம் மட்டும் பயமுறுத்தவே சொல்கிறேன். நம் நாட்டில் மின்னல் தாக்கி வருஷத்துக்கு இரண்டாயிரம் பேருக்கு மேல் இறந்துபோகிறார்கள். கிரிவலப் பாதையில் நடக்கும்போது இடி இடித்தால் புளியமரத்தடியில் ஒதுங்காதீர்கள். மரத்தில் இறங்கும் மின்னல் பக்கத்தில் நிற்பவர் மேலும் பாயும். நல்ல கட்டடத்துக்குள்ளோ, மூடிய பஸ், காருக்குள்ளோ போய்விடுங்கள். மலைமேல் இருந்தால் உடனே இறங்குங்கள்.

ஃபாயில் உருண்டை சோதனை செய்தவர்கள், உங்கள் உருண்டைகள் எத்தனை செ.மீ. விலகின, எத்தனை கோடி எலக்ட்ரான் வந்தது என்று இந்தத் தாளின் கீழே கோடு போட்டு விட்டிருக்கும் இடத்தில் பென்சிலால் எழுதுங்கள். நூலின் நீளத்தையும் மறக்காமல் குறிப்பிடவும்.