பெருநாடியை ஒரு குழாய் இரத்தத்தில் அடைத்து அனுப்ப முடியுமா?
கற்பிட்டிக் கரைக்கு வேலைக்கு வந்திருக்கும் இளம் வைத்தியருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

கற்பிட்டியில் பொறுப்பேற்ற கையோடு நீங்கள் எழுதிக் கேட்ட கேள்வி இந்தக் கரைக்கு வரும் எந்த வைத்தியருக்கும் எழக்கூடியது. அதனால் பதிலைப் பகிரங்கமாகவே எழுதுகிறேன். வயிற்றுப் பெருநாடி வீங்கியிருப்பவரை அடிக்கடி ஸ்கானுக்கு அலைக்கழிக்காமல், இரத்தப் பரிசோதனையை வைத்தே கண்காணிக்க முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆசை நியாயமானது. புத்தளத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 130 கிலோமீற்றர். கற்பிட்டியிலிருந்து புத்தளத்துக்கு வருவதே தனிப் பயணம். உங்கள் கிளினிக் வாங்கில் உட்கார்ந்திருப்பவர்கள் கரைவலை இழுத்து ஓய்ந்தவர்கள், உப்பளத்தில் உழைத்தவர்கள், 1990இல் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து இங்கேயே மூப்படைந்தவர்கள். அவர்களில் அறுபத்தைந்து தாண்டியும் பீடியை விடாத ஆண்களுக்குத்தான் இந்த வீக்கம் வரும் வாய்ப்பு அதிகம். ஆளை அனுப்புவதைவிட ஒரு குழாய் இரத்தத்தை அனுப்புவது சுலபம். ஆனாலும், இன்றைய நிலையில் என் பதில்: முடியாது. அதற்கான காரணம் தெரிந்திருந்தால்தான், நாளை யாராவது புதிய பரிசோதனை ஒன்றைக் கொண்டுவந்து காட்டும்போது எதைக் கேட்பது என்று உங்களுக்குத் தெரியும்.

பெருநாடிச் சுவருக்கு நெகிழ்வைத் தருவது எலாஸ்டின், பலத்தைத் தருவது கொலாஜன். அழற்சிக் கலங்கள் சுவருக்குள் புகுந்து எம்.எம்.பி-9 போன்ற நொதியங்களைச் சுரந்து இந்த நார்களை அரிக்கின்றன. வீங்கிய இடத்தின் உட்புறத்தில் இரத்தக்கட்டி படைபடையாகப் படிகிறது. அது கரையக் கரைய டி-டைமர் இரத்தத்தில் கலக்கிறது. எலாஸ்டின் சிதைந்தால் டெஸ்மோசின் கசிகிறது. சி.ஆர்.பி., இன்டர்லியூக்கின்-6, பைபிரினோஜன் என்று பட்டியல் இன்னும் நீளும். இவற்றில் சில, குறிப்பாக டி-டைமர், வீக்கத்தின் பருமனோடும் வளரும் வேகத்தோடும் சேர்ந்து ஏறுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஆனால் அது நூற்றுக்கணக்கானவர்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும்போது தெரியும் தொடர்பு. உங்கள் முன்னால் இருப்பவரோ ஒரே ஒருவர். அவருடைய டி-டைமர் வயதாலும் ஏறும். நிமோனியாவாலும், புற்றுநோயாலும், கால் நாளத்தில் கட்டிய இரத்தத்தாலும் ஏறும். சிப்பி வெட்டிய கால் பழுத்தாலே சி.ஆர்.பி. உயர்ந்துவிடும். எம்.எம்.பி-9 இன்னும் சிக்கலானது. குழாயில் இரத்தம் உறையும்போதே வெள்ளணுக்கள் அதை வெளிவிடுவதால் சீரத்தில் ஒரு பெறுமானமும் பிளாஸ்மாவில் வேறொன்றும் வரும். எத்தனை மில்லிமீற்றர் மழை பெய்தது என்ற கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு உப்பளத்தின் எந்த வரம்பு உடையும் என்று சொல்ல முடியாது. வரம்பின்மேல் நடந்துதான் பார்க்க வேண்டும். இங்கேயும் அப்படித்தான்.

இந்த விடயத்தில் நம் துறை ஏற்கனவே ஒரு பாடம் படித்திருக்கிறது. டொக்சிசைக்கிளின் மாத்திரை எம்.எம்.பி.யின் வேலையை மட்டுப்படுத்தும். சிறிய ஆரம்ப ஆய்வொன்றில் அதைக் குடித்தவர்களின் இரத்தத்தில் எம்.எம்.பி-9 குறைந்தது, எல்லோருக்கும் நம்பிக்கை வந்தது. பிறகு அமெரிக்காவில் சிறிய வீக்கமுள்ளவர்களுக்கு இரண்டு வருடம் அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2020இல் வெளியானது. மருந்து குடித்தவர்களுக்கும் போலி மாத்திரை குடித்தவர்களுக்கும் வீக்கம் வளர்ந்தது ஒரே அளவு: சராசரியாக 3.6 மில்லிமீற்றர். இரத்தத்தில் ஒரு குறி இறங்கிவிட்டால் நாடி தேறிவிட்டது என்று பொருளல்ல.

முடிவைத் தருவது அகலம்தான். வயிற்றுப் பெருநாடி சாதாரணமாக 2 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். 3 ஐத் தொட்டால் வீக்கம் என்கிறோம். ஆண்களுக்கு 5.5, பெண்களுக்கு 5 சென்ரிமீற்றரில் சத்திரசிகிச்சையைப் பற்றிப் பேசுவோம். 4 முதல் 5.5 வரை இருந்த 1,090 பேரை வைத்து நடந்த பிரித்தானிய ஆய்வு, முன்கூட்டியே வெட்டுவதால் ஆயுள் கூடவில்லை, ஸ்கானில் கவனித்துக்கொண்டு காத்திருக்கலாம் என்று 1998இல் காட்டியது. 4க்குக் கீழே மூன்று வருடத்துக்கு ஒருமுறை, 4 முதல் 4.9 வரை வருடத்துக்கு ஒருமுறை, 5ஐத் தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்பது பரவலாகப் பின்பற்றப்படும் ஒழுங்கு. தம்பி, கணக்குப் பாருங்கள்: பெரும்பாலானோருக்கு வருடத்தில் ஒரு பயணத்துக்கு மேல் தேவையில்லை. அதுவும் சாதாரண அல்ட்ராசவுண்ட் போதும்; சி.ரி. வேண்டியதில்லை. சுமை நாம் பயப்படும் அளவுக்குப் பெரியதல்ல.

அளக்கும் விதத்தில்தான் கண்டிப்பு வேண்டும். சுவரின் உள் விளிம்பிலிருந்து அளந்தார்களா, வெளி விளிம்பிலிருந்தா என்பதை ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள். சிறிய வீக்கம் வருடத்துக்கு 2, 3 மில்லிமீற்றர்தான் வளரும். அளக்கும் முறை மாறினாலே அந்த வித்தியாசம் வந்துவிடும்.

அதற்காக இரத்தப் பரிசோதனையைத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. திடீரென்று நெஞ்சோ முதுகோ கிழிவதுபோல் வலித்து வருபவருக்குப் பெருநாடிச் சுவர் பிளந்திருக்குமோ என்று சந்தேகித்தால், ஆபத்துக் குறிகள் குறைவாக இருக்கும் பட்சத்தில், 500க்குக் கீழான டி-டைமர் அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க உதவும். 1,850 பேரைப் பார்த்த 2018ஆம் ஆண்டு ஆய்வில் அந்த வழியில் தவறியது முந்நூறில் ஒருவர் அளவே. குறிகள் பலமாக இருந்தாலோ டி-டைமருக்காகக் காத்திருக்காதீர்கள், நேரே சி.ரி.தான்.

நம் பகுதியில் மறக்கக்கூடாத இன்னொன்று தக்கயாசு நாடி அழற்சி. மேற்கைவிட ஆசியாவில் அதிகம். பெரும்பாலும் இளம் பெண்களுக்கு வரும். பெருநாடியை அடைக்கவும் செய்யும், வீங்கவும் வைக்கும். இதில் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் கண்காணிப்புக்கு உதவும், ஆனால் அவை நோர்மலாக இருக்கும்போதே நாடிச் சுவரில் அழற்சி தொடர்வதும் உண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் சேர்ந்து உருவாக்கிய இந்திய அளவுகோலைப் படித்துப் பாருங்கள். இழந்த நாடித்துடிப்பு, சமமற்ற நாடித்துடிப்பு, ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் இரைச்சல் ஆகியவற்றுக்கே முதலில் புள்ளி; இரத்தக் குறிகளுக்குரிய புள்ளி அதன்மேல் கூட்டப்படுவதுதான்.

சிறிய வீக்கமுள்ளவரின் உயிரைக் காப்பவை மிகச் சாதாரணமான பரிசோதனைகள்: கிரியற்றினின், கொலஸ்ட்ரோல், சீனி, ஹீமோகுளோபின். இவர்களில் பலர் நாடி வெடித்து இறப்பதில்லை, மாரடைப்பில் இறக்கிறார்கள். பிரஷரைக் கட்டுப்படுத்துங்கள், ஸ்டாட்டின் கொடுங்கள், பீடியை விடச் சொல்லி ஒவ்வொரு முறையும் பேசுங்கள். புகை வீக்கத்தின் வளர்ச்சியை வேகப்படுத்தும். சிறுநீர்த் தொற்றுக்குச் சிப்ரோபுளொக்சசின் எழுதும் முன் கிளினிக் கொப்பியைப் புரட்டுங்கள். அந்த வகை மருந்துகள் பற்றி அமெரிக்க மருந்து நிர்வாகம் 2018 டிசம்பரில் விடுத்த எச்சரிக்கை இந்த நோயாளிகளுக்கானது.

அறுபது தாண்டியவர் வாழ்க்கையில் முதல்முறையாக ‘கல்லுக் குத்து’ என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தால், வயிற்றில் கை வையுங்கள். துடிக்கும் கட்டியும் தலைசுற்றலும் இருந்தால் வீக்கம் வெடித்திருக்கலாம்; ரிப்போர்ட்டுகளுக்காகக் காத்திருந்து நேரத்தை இழக்காதீர்கள். முதல் ஹீமோகுளோபின் நோர்மலாக வந்து ஏமாற்றலாம். அந்த வேளையில் குருதி வகையும் பொருத்தமும் பாருங்கள், சத்திரசிகிச்சைப் பிரிவுக்குத் தொலைபேசி எடுங்கள், ஆளை அனுப்புங்கள்.

கட்டாரிலிருந்து மகன் பணம் அனுப்பி, ‘வாப்பாவுக்கு எல்லா பிளட் டெஸ்டும் செய்யுங்க’ என்பார். அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். உங்களிடமும் அதையே கேட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பெறுமானம் கூடினால் என்ன செய்வோம், குறைந்தால் என்ன செய்வோம்? இரண்டுக்கும் பதில் ‘அதே ஸ்கான், அதே திகதி’ என்றால், அந்தப் பணம் வாப்பாவின் பஸ் செலவுக்கும் துணைக்கு வருபவரின் ஒருநாள் கூலிக்கும் போகட்டும். ஒரு நாள் இந்த வீக்கத்துக்கென்று நம்பகமான இரத்தக் குறி வரலாம். வந்தாலும் அதற்கும் இதே கேள்விதான்.

இந்த மாதமே ஒரு பதிவேடு திறவுங்கள். பெயர், வயது, அகலம் மில்லிமீற்றரில், அளந்த முறை, அடுத்த திகதி. திகதி குறிக்கும் முன் அவர் எந்த மாதம் ஊரில் இருப்பார், எந்த மாதம் பத்தலங்குண்டுத் தீவின் மீன்வாடியில் இருப்பார் என்று கேளுங்கள். தகப்பனுக்கு வீக்கம் என்றால் மகன்மாரையும் சகோதரர்களையும், அவர்கள் மன்னாருக்குத் திரும்பிப் போயிருந்தாலும், அழைத்து ஒருமுறை ஸ்கான் பாருங்கள். திகதி தவறியவரின் வீட்டுக்கு ஆள் அனுப்புங்கள். இந்தக் கரையில் இன்று உயிர் காக்கும் கண்காணிப்பு அதுதான்.

அன்புடன்,
உங்களுக்கு முன் இந்தக் கரையில் வேலைபார்த்த ஒரு வைத்தியர்