சுவஸ்திகமும் கொக்கிச் சிலுவையும்

2019ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், தாய்லாந்து நாட்டின் இளம் பாடகியர் குழு ஒன்றைச் சேர்ந்த பெண்ணொருவர் நாஜிக் கொடி பொறித்த பனியன் அணிந்து ஒத்திகை மேடையில் தோன்றினார். இஸ்ரேல் தூதரகம் தன் அதிர்ச்சியைத் தெரிவித்தது. அறியாமையால் நேர்ந்தது என்று கூறி அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். தாய்லாந்தை ஏன் குறை கூற வேண்டும்? 2012இல், நம் சமயத்தார் மிகுதியாக வாழும் அகமதாபாத் நகரில் ஓர் ஆடைக்கடைக்கு ‘ஹிட்லர்’ என்றே பெயர் சூட்டினர். ஆங்கிலப் பெயர்ப்பலகையில் ‘ஐ’ எழுத்தின் மேற்புள்ளியாக அமர்ந்திருந்தது சுவஸ்திகம்!

வழிபாட்டில் அரிசியால் இடப்பெறும் சுவஸ்திகத்தின் நான்கு கரங்கள் தேவகதி, மனிதகதி, விலங்குகதி, நரககதி எனும் நாற்கதிகளைக் குறிப்பன. மேலே வைக்கும் மூன்று புள்ளிகள் நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் ஆகிய மும்மணிகள். அவற்றிற்கும் மேலுள்ள பிறை, வீடுபெற்றோர் உறையும் சித்தசிலை. பிறவிச் சுழலில் உழலும் உயிர் மீளும் வழியை ஓர் ஓவியமாகவே முன்னோர் தீட்டி வைத்தனர். பகவான் மகாவீரரின் 2500ஆம் ஆண்டு நிர்வாண விழாவையொட்டி 1970களில் ஏற்கப்பெற்ற சமணப் பொதுச் சின்னத்திலும், அகிம்சையை உணர்த்தும் உள்ளங்கைக்கு மேலே இது விளங்குகின்றது.

இத்தகைய வடிவம் கொலைக்களத்தின் கொடியானது எவ்வாறு? 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஷ்லீமன் எனும் ஜெர்மானியர் பழைய திராய் நகரை அகழ்ந்தபோது, இவ்வடிவம் பொறித்த பொருள்கள் கிடைத்தன. அங்குத் தொடங்கிய ஆராய்ச்சி, இது ‘ஆரிய இனத்தின்’ அடையாளம் என்னும் கற்பனையில் போய் முடிந்தது. இனவெறியர் அதனைப் பற்றிக்கொண்டனர். 1920இல் நாஜிக் கட்சி, சிவப்புத் துணியில் வெண்வட்டம் இட்டு, அதனுள் கரிய உருவைச் சாய்த்துப் பதித்துத் தன் கொடியாக்கிற்று. அவர்கள் அதற்கு வழங்கிய பெயர் ‘ஹாக்கன்குரோய்ட்ஸ்’, அதாவது கொக்கிச் சிலுவை. 1935இல் அதுவே நாட்டுக்கொடியும் ஆயிற்று. அவ்வாட்சியில் ஏறத்தாழ 60 இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டனர். முகாம்களிலிருந்து உயிர் மீண்டோர்க்கு அவ்வுருவம், தம் பெற்றோரை இழுத்துச் சென்றவர்கள் கையில் கட்டியிருந்த பட்டை.

நம்மவர் பலர் எளிதாக ஒரு சமாதானம் சொல்வதுண்டு: “நமது வலப்பக்கம் சுழல்வது, அவர்களது இடப்பக்கம் சுழல்வது.” இது பிழை. நாஜிகளின் உருவும் வலப்பக்கம் சுழல்வதே. சாய்வை மட்டும் நம்பிப் பிரித்தறியவும் இயலாது; ஹிட்லரின் தனிக்கொடியில் அது சாயாமல் நேராகவே நின்றது. சிவப்பு, வெள்ளை, கறுப்பு என்னும் வண்ணச் சேர்க்கையையும், அது இருக்கும் இடத்தையும், அணிந்தவர் கருத்தையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

இலண்டனில் 1970களில் ‘பங்க்’ இசையினர் சிலர் இதே உருவைச் சட்டையில் அணிந்தனர். மூத்தோரைச் சினமூட்டுவதே பெரும்பாலும் அவர்தம் நோக்கம். அவர்கள் பொருளை ஓரளவேனும் அறிந்து அணிந்தனர். இன்று கடையில் தொங்குவதை எடுத்து மாட்டுவோர்க்கு அந்த அறிவும் இல்லை.

வெளிநாடுகளில் பயிலும் நம் பிள்ளைகள், கழுத்துச் சங்கிலியிலோ வாயிற்கதவிலோ சுவஸ்திகம் வைத்திருப்பின், அயலார் வினவும்போது நாற்கதியையும் மும்மணியையும் நான்கு வாக்கியங்களிலேனும் விளக்கத் தெரிந்திருத்தல் வேண்டும். கொக்கிச் சிலுவையின் வரலாற்றையும் உடன் அறிந்திருந்தால்தான் அவ்விளக்கம் எடுபடும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2022இல் நாஜிச் சின்னத்தைப் பொதுவிடத்தில் காட்டுவதைக் குற்றமாக்கியபோது, பௌத்தர், இந்துக்கள், சமணர் ஆகியோரின் சமயப் பயன்பாட்டிற்கு விலக்களித்தது.