கல்லூரி விடுதியில் ஐவேளைத் தொழுகை

மகனைப் பொறியியல் கல்லூரியில் சேர்த்த ஒரு தாயார் எழுதியிருக்கிறார். பிள்ளை ஊரில் இருந்தவரை ஸுபுஹுக்குப் பாங்கு சொன்னதும் எழுந்து விடுவானாம். ஆறு மாதம் விடுதியில் இருந்துவிட்டு விடுமுறைக்கு வந்தவன் தொழுகைப் பாயைத் தொடவே இல்லை. கேட்டால், “அங்கே நேரமே கிடைப்பதில்லை உம்மா, பழக்கம் விட்டுப் போய்விட்டது” என்கிறான். “படிப்பை நிறுத்திவிடலாமா?” என்று கேட்டு அந்த அம்மையார் கடிதத்தை முடித்திருக்கிறார்.

படிப்பை நிறுத்த வேண்டாம், அம்மா. ஆனால் பிள்ளை சொன்ன அந்த ஒரு சொல்லை, நேரமில்லை என்பதை, அப்படியே ஏற்றுக் கொள்ளவும் வேண்டாம். கடிகாரத்தை வைத்துக் கொண்டு அவனோடு உட்கார்ந்து பாருங்கள்.

தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை என்று அந்நிஸா அத்தியாயத்தின் 103 ஆம் வசனம் அறிவிக்கிறது. அந்த நேரம் ஒரு நொடிப் பொழுதன்று. அதற்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் உண்டு. டிசம்பர் மாதத் தொடக்கத்தில் திருச்சியில் லுஹர் நேரம் பகல் பன்னிரண்டேகாலுக்குள் வந்துவிடும். ஷாஃபிஈ மத்ஹபின்படி அஸர் மூன்றரை மணிக்குச் சற்று முன்னும், ஹனஃபி மத்ஹபின்படி நான்கு மணிக்குப் பிறகும் தொடங்கும். மஃரிப் ஆறு மணிக்குச் சற்று முன்னால். இப்போது பரீட்சை நாளையே எடுத்துக் கொள்ளுங்கள். காலைப் பரீட்சை பத்திலிருந்து ஒன்று வரை என்றால், வெளியே வந்து லுஹர் தொழ இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. பிற்பகல் பரீட்சை இரண்டிலிருந்து ஐந்து வரை என்றால், லுஹரை முடித்துவிட்டே மண்டபத்துக்குள் போகலாம். ஐந்து மணிக்கு வெளியே வந்த பிறகும் அஸருக்கு முக்கால் மணி நேரம் மிச்சம். ஆகவே பரீட்சை நாளில்கூட ஒரு வக்தும் போக வேண்டியதில்லை. தொழுகை எங்கே போகிறது என்றால், ஐந்து மணிக்கு வெளியே வந்தவன் தேநீர்க் கடையில் வினாத்தாளைப் பிரித்து வைத்துக் கொண்டு நிற்கிறானே, அந்த முக்கால் மணியில்தான்.

ஸுபுஹு வேறு வகை. இரவு இரண்டு மணி வரை கைப்பேசியைப் பார்த்துக் கொண்டிருந்தவனுக்கு ஐந்தரை மணி நள்ளிரவு போலத்தான் தெரியும். இதற்கு மருந்து இஷாவுக்குப் பின் என்ன நடக்கிறது என்பதில் இருக்கிறது. எழுப்பிவிட ஓர் ஆளையும் ஏற்பாடு செய்து கொள்ளலாம். நான் படித்த நாளில் என் அறைத் தோழன் ஓர் ஐயர் வீட்டுப் பையன். அதிகாலையில் படிக்க எழுகிறவன். ரமளானில் ஸஹருக்கு என்னை எழுப்பிவிட்டு, பழத்தை எடுத்து வைத்துவிட்டுப் படிக்க உட்காருவான். கேட்டால் செய்கிறவர்கள் எல்லா விடுதியிலும் இருக்கிறார்கள். நம் பிள்ளைகள்தான் கேட்கக் கூச்சப்படுகிறார்கள்.

பெண் பிள்ளைகளின் நிலைமை சற்றுக் கடினம் என்பதை ஒப்புக் கொள்கிறேன். பையில் ஒரு துப்பட்டியும் சிறு விரிப்பும் இருந்து, மதிய இடைவேளையில் ஒரு காலி வகுப்பறையும் கிடைத்தால் காரியம் முடிந்துவிடும். ஆனால் அந்த வகுப்பறையைத் துறைத் தலைவரிடம் கேட்டு வாங்க ஒருத்தி முன்வர வேண்டும். ஒருத்தி கேட்டுவிட்டால் பின்னால் நான்கு பேர் வருவார்கள்.

தவறிப் போன தொழுகை விஷயத்தில் ஷைத்தான் செய்யும் வேலை ஒன்று உண்டு. ஒரு வாரம் போய்விட்டது, இனி என்ன முகத்தோடு நிற்பது என்று எண்ண வைப்பான். தூங்கிப் போனவரும் மறந்தவரும் நினைவு வந்ததும் தொழட்டும் என்று ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். விட்டதைக் களாவாகத் தொழ வேண்டும் என்பதில் நம் இரு மத்ஹபுகளும் ஒன்றே. ஆகவே இன்றைய வக்தை இன்று தொழுதுவிட்டு, அதோடு பழைய வக்து ஒன்றையும் தொழுது கொண்டே வரலாம். கணக்கு மெல்ல மெல்லத் தீரும்.

இனி, விடுதி மாணவர்கள் அடிக்கடி தடுமாறும் ஒரு மஸ்அலா. “நான் வெளியூரில் இருக்கிறேன், முஸாஃபிர்தானே, சுருக்கித் தொழலாம், ஜும்ஆவும் கடமையில்லை” என்று சிலர் இருந்துவிடுகிறார்கள். இது சரியல்ல. சென்னையிலிருந்து திருச்சிக்குப் பேருந்தில் வரும்போது கஸ்ரு செய்யலாம். ஷாஃபிஈ மத்ஹபில் சேர்த்தும் தொழலாம். ஆனால் போய்ச் சேர்ந்த ஊரில், வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் தங்க நாடியவர் ஷாஃபிஈ மத்ஹபில் முஸாஃபிர் அல்லர். ஹனஃபி மத்ஹபில் அந்த எல்லை பதினைந்து நாட்கள். ஒரு பருவம் முழுவதும் தங்குகிற மாணவர் எந்தக் கணக்கிலும் முழுமையாகவே தொழ வேண்டும். ஜும்ஆவும் அவர்மீது கடமை.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபில் ஜும்ஆவுக்கு நாற்பது பேர் வேண்டும். அந்த நாற்பது பேரும் அவ்வூரையே நிரந்தர வசிப்பிடமாகக் கொண்டவர்களாக இருக்க வேண்டும். படித்து முடித்ததும் ஊர் திரும்பும் எண்ணத்தில் தங்கியிருக்கும் மாணவருக்கு ஜும்ஆ கடமை. ஆனால் அந்த நாற்பதில் அவர் எண்ணப்பட மாட்டார். ஆகவே ஷாஃபிஈ மாணவர்கள் ஐம்பது பேர் சேர்ந்து விடுதி அறையில் தனி ஜும்ஆ நடத்திக் கொள்வதற்கில்லை. ஊர்ப் பள்ளிவாசலுக்குப் போக வேண்டும். இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாளாவது மாணவன் விடுதியை விட்டு வெளியே வந்து, கடைக்காரரோடும் கூலிக்காரரோடும் முதியவர்களோடும் ஒரே ஸஃப்பில் நிற்கிறான்.

வீட்டைப் பிரிந்து படிக்கிறவர்களைப் பற்றி எண்ணும்போதெல்லாம் மாலிக் இப்னு ஹுவைரிஸ் (ரலி) அவர்களின் நினைவு எனக்கு வரும். புகாரியில் பதிவாகியுள்ள செய்தி இது. ஏறக்குறைய ஒரே வயதுள்ள இளைஞர்கள் சிலர் மார்க்கம் படிக்க மதீனா வந்து, நபி (ஸல்) அவர்களிடம் இருபது இரவுகள் தங்கினார்கள். அவர்களுக்கு வீட்டு நினைவு வந்துவிட்டதை நபியவர்கள் கண்டு கொண்டார்கள். யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. வீட்டில் யார் யாரை விட்டு வந்தீர்கள் என்று விசாரித்தார்கள். பிறகு அவர்களைக் கடியாமல், ஊருக்குத் திரும்பிச் சென்று குடும்பத்தாருக்குக் கற்றுக் கொடுக்கும்படி அனுப்பி வைத்தார்கள். தம்மைத் தொழக் கண்டபடியே தொழச் சொன்னார்கள்; நேரம் வந்ததும் ஒருவர் பாங்கு சொல்லவும், மூத்தவர் இமாமத் செய்யவும் ஏவினார்கள். இருபதே இரவு படித்தவர்களிடம் ஓர் ஊரையே ஒப்படைத்தார்கள்! நாம் நான்கு வருடம் படித்துவிட்டு வருகிற பிள்ளையிடம் என்ன ஒப்படைக்கிறோம்? வாகனச் சாவியைத் தவிர வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.

ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களும் இளைஞர்தாம். யூதர்களின் எழுத்தைக் கற்கும்படி நபியவர்கள் சொல்ல, அரை மாதத்தில் கற்று, கடிதங்களைப் படித்துச் சொல்லவும் பதில் எழுதவும் பணியாற்றினார்கள். படிப்பும் ஊழியமும் அங்கே இரண்டாகப் பிரிந்திருக்கவில்லை.

மாணவர் செய்யக் கூடிய ஊழியத்துக்குப் பஞ்சமில்லை. நாட்டு நலப்பணித் திட்டம் 1969 இல் தொடங்கப்பட்டது. அதில் சேரும் மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும்; ஏழு நாள் முகாமும் உண்டு. சேருங்கள். முகாமில் ஐவேளை தொழுது கொண்டே எல்லோருக்கும் முன்னால் மண்வெட்டி எடுக்கிற ஒரு மாணவனைப் பார்த்தால், நம்மைப் பற்றி அறியாதவர்களுக்கு எத்தனையோ விஷயம் விளங்கிவிடும். மக்தபுப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம். உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாமல் கடைசித் தேதியைக் கோட்டை விடுகிற ஏழை வீடுகள் ஒவ்வொரு மஹல்லாவிலும் இருக்கின்றன. பதினெட்டு வயது நிரம்பி, 45 கிலோ எடையும் நல்ல உடல்நலமும் உள்ளவர் இரத்ததானம் செய்யலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறை. ரமளானில் நோன்பு திறந்த பிறகு கொடுப்பது நல்லது.

ஒரு வேலையைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். என் வாப்பா வஃபாத்தான அன்று நான் பட்டதாரி. மய்யித்தைக் குளிப்பாட்ட வந்த மோதினார், “தம்பி, நீங்கள் ஊற்றுங்கள்” என்றார். எந்தப் பக்கம் முதலில், எத்தனை முறை, கபன் துணி எத்தனை என்று எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஒதுங்கி நின்றேன். என்னை வளர்த்த உடலை வேறொருவர் குளிப்பாட்டினார். ஜனாஸாத் தொழுகையில் நான்காம் தக்பீருக்கு முன் என்ன ஓத வேண்டும் என்பதும் அன்று எனக்கு மறந்து போயிருந்தது. கொரோனா பரவிய 2020, 2021 ஆம் ஆண்டுகளில், சொந்தக்காரர்களே நெருங்க அஞ்சிய உடல்களை, எந்த மதத்தவர் என்று பாராமல் நம் இளைஞர்கள் சுமந்து சென்று அடக்கம் செய்தார்கள். அவர்களில் பலர் கல்லூரி மாணவர்கள் வயதினர். அந்தச் செய்திகளைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியோடு வெட்கமும் வந்தது. விடுமுறையில் ஒரு நாள் உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் போய், மய்யித்துக்குச் செய்ய வேண்டியவற்றைக் கேட்டுக் கற்றுக் கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் போதும்.

கடிதம் எழுதிய தாயாருக்கு ஒரு வார்த்தை. அடுத்த விடுமுறையில் மகன் வந்ததும், ஏன் தொழவில்லை என்று தொடங்காதீர்கள். வீட்டில் இமாமத் செய்ய வீட்டுத் தலைவருக்கே உரிமை. அதை அவர் மகனுக்கு விட்டுக் கொடுக்கலாம். பாங்கு கேட்டதும் நீங்கள் ஒளு செய்து, பாய்களை விரித்து, உங்கள் மகளையும் பக்கத்தில் நிறுத்திக் கொண்டு, “வாப்பா, இன்றைக்கு மஃரிபை நீ தொழ வை” என்று கூப்பிடுங்கள்.