பிரியாணிப் பந்தயம்

மோட்டோஜிபி பைக்கும் ஃபார்முலா 1 காரும் ஒரே தடத்தில் ஓடினால் எது ஜெயிக்கும்? நான் பைக் கட்சி, நண்பன் கார் கட்சி. பந்தயம் பிரியாணி!

பிரியாணியை வாங்கிக் கொடுத்துவிடுங்கள். அமெரிக்காவின் ஆஸ்டின் தடத்தில் இரண்டுமே ஓடுகின்றன. 2024 தகுதிச் சுற்றில், 5.5 கி.மீ. தூரத்தைக் கார் 1 நிமிடம் 32 விநாடியில் முடித்தது. பைக்குக்கு 2 நிமிடம் ஆனது.

நேர்கோட்டில் உங்கள் கட்சி சளைத்ததல்ல: 2023-இல் முகெல்லோ தடத்தில் மோட்டோஜிபி வீரர் பிராட் பிண்டர் மணிக்கு 366 கி.மீ. தொட்டார். வளைவில்தான் வினை. காரை அதன் இறக்கைகள் காற்றின் விசையால் தரையோடு அழுத்துகின்றன. சாய்ந்து திரும்பும் பைக்கிலோ, டயருக்கு உள்ளங்கை அளவு ரப்பர்தான் தரையைப் பிடிக்கிறது. முறுக்கினால் முன்சக்கரம் எழும்பும். பிரேக் பிடித்தால் பின்சக்கரம்!

மறுபந்தயம் வேண்டுமா? 'ஒரு ரூபாய்க்கு எவ்வளவு வேகம்' என்று கேளுங்கள். நண்பர்தான் பிரியாணி வாங்க வேண்டியிருக்கும்.